ஒன்பதாவது பொருள்

அங்கே பதினொன்று. இங்கே மஹ்பூலாவில் எட்டரை.
இரவு ஷிப்ட் முடித்து வந்தவன்
இன்னும் காலுறையைக் கழற்றவில்லை.
ஆறு பேர் அறையில் ஐந்து பேர் உறக்கம்.
அடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டில்
போர்வையைத் திரையாக இழுத்துவிட்டுக்கொண்டு
கிராம சபையில் உட்கார்ந்திருக்கிறேன்.

அமுதவல்லி என்னை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில்
தண்ணீர் பாட்டிலோடு சாய்த்து வைத்திருக்கிறாள்.
கொஞ்சம் சரிந்துவிட்டேன்.
முகம் எதுவும் தெரியவில்லை, கால்கள்தான்.
நடவிலிருந்து நேராக வந்த
சேறு காயாத குதிகால்கள்,
செயலர் குலோத்துங்கனின் கறுப்பு ஷூ,
தலைவர் பத்மாவதியின் அசையாத செருப்பு.
அதன் பக்கத்தில் ஓயாமல் ஆடும் இன்னொரு கால்
தலைவரின் கணவருடையது.
அவருக்குப் பதவி ஏதும் இல்லை.
மைக் மட்டும் அவர் மடியில் இருக்கிறது.

தொட்டி கழுவியது, கொசு மருந்து அடித்தது.
தெருவிளக்கு பதினான்கு என்று வாசித்தார்கள்.
எரிவது எட்டு என்றது ஒரு குதிகால்.
படம் உறைந்து, யாரோ தூக்கிய பாதம்
தரையைத் தொடாமல் வெகுநேரம் நின்றது.
திரும்பி வந்தபோது
ஒன்பதாவது பொருள், சுடுகாட்டுப் பாதை.

பேசினேன்.
நாலு நிமிடம், மேல்தட்டு லோகேந்திரா விழிக்காதபடி
குரலை அமுக்கிப் பேசினேன்.
சர்வே எண் சொன்னேன், அகலம் சொன்னேன்,
மூன்று மனுக்களின் தேதியும் சொன்னேன்.
முடித்த பிறகுதான் கண்ணில் பட்டது
திரையின் மூலையில்
மைக் படத்துக்குக் குறுக்கே சிவப்புக் கோடு.
கேட்டவன் லோகேந்திரா ஒருவன்தான்.
ஒரு சொல் புரியாமல்
"நல்லாச் சொன்னே" என்றான் இந்தியில்.

கோட்டை நீக்கிவிட்டு மறுபடி ஆரம்பித்தேன்.
ஷூ என் பக்கம் திரும்பியது.
"வெளிநாட்டுல இருக்கவங்க பேச விதியில இடமில்லீங்க.
பதிவேட்டுல கையெழுத்துப் போட்டாத்தான் ஆளு."

ஆமாம்.
போன ஐப்பசியில் இதே போனில்
அப்பாவைத் தூக்கிப்போனதைப் பார்த்தேன்.
பாதை இல்லாமல் அடுத்தவர் வரப்பில்
முழங்கால் தண்ணீரில் நாலு பேர்.
பாடை ஒருமுறை சாய்ந்து நிமிர்ந்தது.
"தெரியுதாண்ணே, தெரியுதாண்ணே" என்று
கேட்டுக்கொண்டே நடந்தான் போன் பிடித்தவன்.
தெரிந்தது.
அன்று எவரும் விதியைப் புரட்டவில்லை.

இங்கேயும் ஒரு நகராட்சி இருக்கிறது.
எங்கள் சந்தில் சாக்கடை பொங்கினால்
மஞ்சள் வண்டி ஒன்று வந்து உறிஞ்சிவிட்டுப் போகும்.
எந்த அறையில் கூடி எவர் சொல்லி வருகிறது என்று
பதினொரு வருடத்தில் நான் கேட்டதில்லை.
கேட்கலாமா என்பதையும் கேட்டதில்லை.

ஒன்பதைத் தள்ளிவைக்க எல்லாருக்கும் சம்மதமா?
சம்மதம் இல்லாதவங்க கை தூக்குங்க.

தூக்கினேன்.
மேல்தட்டுப் பலகையில் விரல் கணு இடித்தது.
நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் சத்தம்.
பிறகு கொஞ்சம் வானம், அவளுடைய உள்ளங்கை, இருட்டு.

இரவு, ஷுவைபா துறைமுகம்.
நாற்பது மீட்டர் உயரத்தில் கிரேன் கூண்டுக்குள் நான்.
கீழே விளக்கு வெள்ளத்தில்
குல் ஜமான் ஆரஞ்சு உறை போட்ட கையை உயர்த்துகிறான்.
ஒரு கைதான்.
பதினெட்டு டன் தரையை விட்டு எழுகிறது.

நள்ளிரவுத் தேநீருக்கு இறங்கியபோது
அவள் குரல் காத்திருந்தது.

"தள்ளிவைக்கக் கூடாதுன்னு
பதினேழு பேரு எழுதிக் கொடுத்திருக்கோம்.
உன் பேர எழுதல.
எழுதினா மொத்தமும் செல்லாதுன்னுடுவான்.
நவம்பர் ஒண்ணாந்தேதி திரும்பக் கூட்டம்.
இந்தவாட்டி ரெண்டு லிட்டர் பாட்டில் வைக்கிறேன்,
சரியாம இருப்பே.
அந்தச் சிவப்புக் கோட்ட மட்டும்
முதல்லயே பாத்துக்க."